ஒரு வயிற்றுக்கு இரண்டு வீட்டு மருந்து

என் தங்கப் பேத்திக்கு, பாட்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று போன வாரம் எழுதியிருந்தால் அது பொய். இன்றைக்குத் தைரியமாக எழுதுகிறேன். உன் நாய் முட்டாய் இன்று காலை வெளிக்குக் கெட்டியாகப் போனான். படிக்கிற பிள்ளைக்கு எழுதுகிற சேதியா இது என்று உன் அப்பா சிரிக்கிறான். சிரிக்கட்டும். கொல்லையில் அதைப் பார்த்துவிட்டு நான் கைதட்டினேன்.

போனில் சொன்னால் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் மறைத்தோம். அவனுக்கு வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் வால்நுனி மட்டும் அசைந்தது. நான் திரும்பி வரும்போது இவன் இப்படியே இருக்கணும் பாட்டி என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மருந்தைத் தவறாமல் ஊற்றினேன். அரை நாள் பட்டினி போடச் சொன்னார், போட்டேன். பட்டினி கிடக்கிற நாய் மறுபடி வாந்தி எடுத்தது. பார்த்தால் அதில் திப்பி திப்பியாகப் பால். யாருடி இவனுக்குப் பால் ஊத்தினது என்று உன் அம்மாவிடம் கத்தினேன். பாவம், அவள் ஊற்றவில்லை.

கூடையில் தூக்கிக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஊசி எடுத்துக் கொடுக்கிற பெண், இது தொரை ஆச்சே, நேத்துதானே இன்னொரு பாட்டி கொண்டாந்தாங்க என்றாள். எந்தத் தொரை, இவன் முட்டாய் என்று நான் சண்டைக்கு நிற்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அடுத்த வீட்டுக்காரி. உன் தாத்தாவின் தம்பி பெண்டாட்டிதான். நம் அண்டாவை இரவல் வாங்கி நசுக்கிவிட்டு, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு என்று சாதித்தாளே, அவளேதான். அண்டா திரும்பி வந்த அன்றைக்குத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்டாவைத் துடைக்காமல்கூடக் கொடுத்தாள். நீ பிறப்பதற்கு முன்பே நின்ற பேச்சு அது. தொரை இன்னைக்கு வரவே இல்ல டாக்டர், எங்க விழுந்து கெடக்கானோ என்று அழுதுகொண்டு வந்தவள், என் கூடைக்குள் இவனைப் பார்த்தாள். இந்தப் பயல் எங்கள் இருவருக்கும் வாலாட்டினான்.

கொல்லைச் சுவரில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத் தினமும் அங்கே போயிருக்கிறான். நீ போன பிறகு நான் அவனுக்குச் சோறு போடுவதில்லை என்று அவளுக்கு நினைப்பு. எப்படிப்பட்ட நினைப்பு பார். பாலும் பொரித்ததில் மீதியும் கொடுத்திருக்கிறாள். நோய் வந்ததும் எனக்குத் தெரியாமல் அவளும் மருந்து ஊற்றியிருக்கிறாள். ஒரு வயித்துக்கு ரெண்டு வீட்டு மருந்தா, இன்னும் ஒரு நாள் போயிருந்தா நாயைப் பொதைச்சிருப்பீங்க, ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா என்று டாக்டர் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படித் திட்டு வாங்கியதில்லை. அங்கே போனதே கொஞ்ச நாள்தான்.

இப்போது மருந்து என் பொறுப்பு. உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் அவள் பொறுப்பு. பால் யாரும் தொடக்கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, போனானா என்று கேட்பாள். போனான் என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். சோறு வந்த கிண்ணத்தை ஒரு நசுங்கல் இல்லாமல் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறேன். பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்று காலை மட்டும், கெட்டியா போனான் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டேன். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, தெரியுமா? எனக்குத் தெரியவே தெரியாது.

வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில், சின்னப் பாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டு எழுது. அதைச் சுவர் ஓரமாக நின்று நான் சத்தமாகப் படித்துக்கொள்கிறேன். நான் கேட்கச் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதே.

உன் பாட்டி