ஓட்டையில்லாத புனல்

பிப்ரவரி 6

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு வரி கூட்ட மாட்டேன், வெட்கப்பட்டு ஒரு வரி குறைக்க மாட்டேன். முதல் உண்மை இது: அப்பா கடையை விடப்போகிறார்.

பட்டன், ஜிப், நூல், லைனிங் துணி விற்கும் கடை. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். இப்போது வீட்டில் தைப்பவர்கள் குறைவு. ஜிப் போனால் பையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மார்ச் கடைசி வரைக்கும் பாப்பேன். ஆளு வரலன்னா பக்கத்துச் செருப்புக் கடைக்காரருக்கே இடத்த விட்டுடறேன்." அண்ணன் தான் வேலை செய்யும் கிடங்கில் அப்பாவுக்கும் ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறான். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கணக்குப் பாடம் போட்டேன்.

பிப்ரவரி 9

பள்ளி நூலகத்தில் ஒரு தகவல் படம் பார்த்தேன். "வியாபாரத்துக்கு வலைப்பூ எதற்கு?" என்பது தலைப்பு. வாய் அகன்ற ஒரு புனல். மேலே கும்பலாகக் குட்டிக் குட்டி பொம்மைகள்: தற்செயலாகப் படிக்க வந்தவர்கள். அதற்குக் கீழே, மறுபடி வருபவர்கள். அதற்கும் கீழே, நம்புகிறவர்கள். அடியில் கையில் பையோடு ஒரே ஒரு பொம்மை: வாங்குபவர்.

நூலக அக்கா வணிகவியல் புத்தகம் ஒன்றும் கொடுத்தார். அதில் ஒரு முழுப் பாடம் படித்தும் புரியாதது, இந்தப் படத்தில் புரிந்தது. விளம்பரம் "என்னிடம் வாங்கு" என்கிறது. வலைப்பூ "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று பேச்சுக் கொடுக்கிறது. பழகிய பிறகு, அவர்களே வருகிறார்கள்.

"பிரிண்டர்ல மை இல்லம்மா, பாத்து வரைஞ்சுக்கோ" என்றார் அக்கா. மணி அடிப்பதற்குள் வரைந்து முடித்தேன்.

பிப்ரவரி 10

படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன் பாப்பா?"

"நீங்கதான் புனலப் பிடிச்சிட்டு நிக்கறீங்க."

"கை வலிக்குமே" என்றார்.

பிப்ரவரி 15

கடைக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி முதல் பதிவு போட்டேன்: சிக்கிக்கொண்ட ஜிப்பைச் சரிசெய்வது எப்படி. பல்வரிசை மேல் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், மேலும் கீழும் ஓடுகிற ரன்னரின் வாய் அகன்றுவிட்டது என்று பொருள். குறட்டால் இரண்டு ஓரத்தையும் மெல்ல அழுத்த வேண்டும். எல்லாம் அப்பா சொன்னது. படங்களில் இருப்பதும் அவர் கைகள்தான்.

அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தான். "வைத்தியத்த சும்மாவே சொல்லிட்டா மருந்து யாரு வாங்குவா, பண்டிதரே?"

புனலின் மூன்றாவது படியைச் சொன்னேன்: நம்புகிறவர்கள்.

"நம்பிக்கைய வச்சு வாடகை கட்ட முடியுமா?"

அவன் கேட்டதையும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 27

படிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எந்தத் துணிக்கு எந்த ஜிப் என்று நானே ஒரு தகவல் படம் வரைந்து போட்டேன். "என் மகனின் பள்ளிப் பை பிழைத்தது, நன்றி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கட்டும்" என்றார்.

கடைக்கு வந்தது வழக்கமான தையல்காரர் மட்டும். வெள்ளை நூல் வாங்கினார்.

மார்ச் 12

யாரும் வரவில்லை.

மார்ச் 21

அண்ணன் கடைக்கு வந்தான். படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தான்.

"இது புனலா? கோன் ஐஸ் மாதிரில்ல இருக்கு. கீழ ஓட்டையே இல்லையே. ஊத்தினா உள்ளயே நிக்கும்."

கேலிதான் செய்தான். எனக்கு என்னவோ போலிருந்தது. நூலகத்துக்கு ஓடிப்போய் மூலப் படத்தைப் பார்த்தேன். அடியில் ஓர் ஓட்டை, ஓர் அம்புக்குறி, பொடி எழுத்தில் ஒரு வரி: "எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள்." அது வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டு, முனையை நானே அழகாக வளைத்து மூடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என் பதிவுகளை எல்லாம் படித்தேன். தெருப் பெயர் இல்லை. தொலைபேசி எண் இல்லை. "நம் பட்டன் கடையில்", "நம் பட்டன் கடையில்" — இவ்வளவுதான். எங்கள் தெருவில் பட்டன் கடை என்றாலே போதும், குழந்தைகூட வழிகாட்டும். உலகமே எங்கள் தெருவில் குடியிருக்கிறதா? இத்தன புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு அட்ரஸ் போடத் தோணலியே — ஒரே ஒரு அட்ரஸ் —

முகவரியைச் சேர்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"அதனாலென்ன, விடு" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காலைலதான் செருப்புக் கடைக்காரர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

எழுத்து நேராகத்தான் வருகிறது.

மார்ச் 28

பட்டன்களை நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கினோம். அம்மாவும் வந்திருந்தாள். பச்சையில் இத்தனை பச்சை உண்டு என்பதை இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 31

நாளை காலை அப்பா அண்ணனோடு கிடங்குக்குப் போகிறார்.

மாலையில், அலமாரிகள் எல்லாம் காலியான பிறகு, நர்ஸ் உடையில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கையில் பழைய குளிர்கோட்டு. "பட்டன் கடை இதானே? ரெண்டு பஸ் மாறி வரேன். அந்த மெழுகுவர்த்தி வைத்தியம் இதுக்குக் கேக்கல. கடை எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தேன், போன வாரம்தான் அட்ரஸே போட்டிருந்தீங்க."

அப்பா கோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டி வைத்த பெட்டிகளில் மூன்றைப் பிரித்து, நாலாவதில் பொருத்தமான ரன்னரைக் கண்டுபிடித்தார். நின்றுகொண்டே மாட்டிக் கொடுத்தார். அந்த அக்கா ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார், மறுபடி மேலே இழுத்தார்.

"எங்க ஆஸ்பத்திரி வார்டுல வேல பாக்கற எல்லார் வீட்டுலயும் இப்படி ஜிப் போனது ஒண்ணு தூங்குது. நாளைக்கு எப்பத் திறப்பீங்க?"

அப்பா பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அதுல அட்ரஸ மாத்த முடியுமா?"

"முடியும்ப்பா. எதுன்னு போடறது?"

"நம்ம வீடுதான். முன் ரூம்ல ஒரு மேஜை போட்டா போதாதா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேலன்னு போடு. வேலையிலேந்து வந்துடுவேன்."

அந்த அக்கா என்னிடம் தெருப் பெயரை இரண்டு முறை கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு போனார்.

படத்தைப் பிரித்தபோது சுவரின் சுண்ணாம்பும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மடக்கிப் பையில் வைத்தேன். பிரித்த பெட்டிகளை அப்பா மறுபடி கட்டினார். ரன்னர் பெட்டியை மட்டும் கட்டவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீயே அணைச்சிடு" என்றார்.

முதலில் கண்ணாடி அலமாரி விளக்கு. அப்புறம் டியூப்லைட். அணைத்தேன்.