நான்கு சதவீதம் கூட

ஜூன் 4, செவ்வாய்

காலையில் அளந்தபோது எண் கொஞ்சம் ஏறியிருந்தது. வரம்புக்குள்தான். ஆனாலும் மனசுக்குச் சரியாகப் படவில்லை.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் என் வேலையைப் பற்றி, "மிஷினுக்குக் காய்ச்சல் பாக்குறா" என்று சொல்லியிருக்கிறாள். தப்பில்லை. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம் அது. நோயாளிகள் வருமுன் சுண்டுவிரல் அளவுள்ள, சேம்பர் என்ற அளவுக் குழலைக் கதிருக்கு அடியில் வைப்பேன். கதிர் பட்டதும் அதற்குள் இருக்கும் காற்றில் மின்னூட்டம் உண்டாகும். அது கேபிள் வழியாக வெளி அறைக்கு வரும். எலக்ட்ரோமீட்டர் எண்ணிக் காட்டும். எண் கூடினால் நோயாளியின் உடம்பிலும் கதிர் கூடுதலாகப் போகிறது என்று பொருள்.

தொண்டை வைத்தியத்துக்கு வரும் தையல்காரர் இன்று என் கோட்டின் தோள்பட்டையைப் பார்த்து, "யாரும்மா தச்சது? கேஸே போடலாம்" என்றார். குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. சிரித்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

ஜூன் 6, வியாழன்

மூன்று சதவீதம் கூட. அதைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி.

எனக்கு வேலை பழக்கும் மேடம் எட்டிப் பார்த்தார். "கேபிள்ல ஈரம் இருக்கும். அந்த மீட்டருக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி. பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துட்டு மறுபடி எடு." எடுத்தேன். கொஞ்சம் குறைந்தது. "பாத்தியா?" குறைந்ததையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

சரியாக வரும்வரை அளந்துகொண்டே இருப்பதற்குப் பெயர் அளப்பதா?

ஜூன் 7, வெள்ளி

நோயாளிகள் எல்லாரும் போன பிறகு கேபிள் முனையைக் கழற்றிச் சூடான காற்றில் உலர்த்தினேன். கதிர் இல்லாதபோது எண் தானாக நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நகரவில்லை. மின்கசிவு இல்லை. கேபிள் அசைந்தாலே பொய் எண் வரும் என்பதால் டேப் போட்டு ஒட்டினேன். அலமாரியில் கிடந்த இன்னொரு சேம்பரையும் மாட்டிப் பார்த்தேன்.

நான்கு. இரண்டிலும் நான்கு.

மேடம் மதியமே வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தார். போனில் சொன்னேன். "திங்கக்கிழமை வந்து பாக்குறேன். நீ ட்ரெய்னி, ஞாபகம் இருக்கட்டும்."

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வீட்ல முதல்ல படிச்சவ நீ. பெரிய இடத்துல வாயைக் குடுத்து மாட்டிக்காதம்மா. அவங்களுக்குத் தெரியாததா?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, கூடப் போனா என்ன ஆகும்?"

"புண்ணாகும். சில பேருக்கு முழுங்கவே கஷ்டமாயிடும்."

அப்பா டிவியை அணைத்துவிட்டார்.

நான் தப்பா அளந்திருந்தா? தப்பா அளக்கலைன்னா? எதை நெனச்சு பயப்படுறேன்னே தெரியல.

ஜூன் 10, திங்கள்

நான்கரை சதவீதம். மேடத்தின் விமானம் தாமதமாம். போன் எடுக்கவில்லை. டெக்னீஷியன் அண்ணன் அதற்குள் தையல்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"மிஷினை... நிறுத்திடுங்க."

"நீ சொல்லியா நிறுத்தணும்? வெளிய கூட்டத்தைப் பாத்தியா? என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க!"

நேராகப் போய் இயந்திரத்தின் சாவியைத் திருப்பி உருவிக்கொண்டேன். அதைக் கையில் வைத்தபடியே கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

எஞ்சினியர் இயந்திரத்தின் தலைப்பகுதியைப் பிரித்தார். அதற்குள்ளும் ஒரு சேம்பர் உண்டு. குறித்த அளவு மின்னூட்டம் சேர்ந்ததும் அதுதான் கதிரை நிறுத்தும். காற்றுப் புகாமல் அடைத்திருந்த அதன் விளிம்பில் விரிசல். சூட்டில் உள்காற்று வெளியேறியிருக்கிறது. காற்று குறைந்ததால் மின்னூட்டம் மெதுவாகச் சேர்ந்தது. கதிர் அதிக நேரம் ஓடியது.

"வெள்ளிக்கிழமையே நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றார் மேடம், என் முகத்தைப் பார்க்காமல்.

சந்தோஷமே வரவில்லை. அப்படியானால் அத்தனை பேருக்கும் கூடத்தான் போயிருக்கிறது.

ஜூன் 12, புதன்

டாக்டர் ஒவ்வொரு நோயாளியிடமும் விஷயத்தைச் சொன்னார். கூடியது சிறிய அளவு, மீதி நாட்களில் குறைத்துச் சரிக்கட்டலாம் என்றார். அளந்தவள் என்று என்னையும் உட்காரவைத்தார்.

தையல்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அளவு தப்பினா நாங்க பிரிச்சுத் தைப்போம். உள்ள போனதை நீங்க எப்படிம்மா பிரிப்பீங்க?"

டாக்டர் ஏதோ சொன்னார்.

ஜூன் 13, வியாழன்

புது சேம்பர் போட்டாயிற்று. எண் சரி. தையல்காரர் வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் வரவில்லை. பாதியில் விட்டால் கட்டி மறுபடி வளரும். சொல்லாமலே இருந்திருந்தால் வந்திருப்பாரோ — சே, என்ன நினைப்பு இது.

ஜூன் 17, திங்கள்

போன் செய்தேன். நானே. அவர் மனைவிதான் எடுத்தார். "அந்த மிஷினுக்குக் கீழ படுக்கவே மாட்டேங்குறாரும்மா. கெஞ்சிப் பாத்துட்டேன், திட்டியும் பாத்துட்டேன்."

"அவர் கண்ணு முன்னாடியே அளந்து காட்டுறேன்னு சொல்லுங்கம்மா. சரியா இல்லைன்னா நானே படுக்க விடமாட்டேன்."

யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தேன்? வராவிட்டால்? வந்து, எண் தப்பினால்?

ஜூன் 18, செவ்வாய்

வந்தார். மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கதிர் ஓடியது. எண் ஏறி ஏறி நின்றது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

"மிஷின் சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். கனத்த கதவு மூடியது. கதிர் நிற்கும்வரை அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.