நான்கு நாள் குளிக்காத அப்பா

அம்மா,

அடுப்பில் காட்டரிசி சூப் இருக்கிறது, சுடவைத்துக் குடி. நாலு மணிக்கு தேவாலயத்திலிருந்து திருமதி லுண்டீன் அப்பாவின் சட்டைகளை வாங்கிப்போக வருவார். பெட்டி கனம், நீ தூக்காதே.

நேற்று வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, தோளுக்குக் கீழே முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். "என்ன, மோந்து பாக்குறியா? இன்னும் நாறுதுன்னா நேரா சொல்லிடு" என்று கத்திவிட்டேன். முன்பு பள்ளியில் என்னைக் கண்டு மூக்கைப் பொத்தினவர்கள் மேலிருந்த கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன். நீ உள்ளே போய்விட்டாய்.

இன்று காலை அக்குளில் அடிக்கிற வாசனை ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வேர்வைக்கு வாசனையே கிடையாது, அதைத் தின்கிற கிருமிகளால்தான் நாற்றம் என்று போன வருடம் டாக்டர் சொன்னாரே. என்னுடையவை பொல்லாதவை, அப்பாவுடையவை சாது. அவர் நாலு நாள் குளிக்காமல் இருந்து, தன் அக்குளில் வளர்ந்த கிருமிகளை வழித்து என் அக்குளில் பூசக் கொடுத்தார். "சொத்துன்னு குடுக்க வேறென்னடா இருக்கு, இத வச்சுக்க" என்று சிரித்தார்.

அவர் போய் ஒன்பது வாரம். சட்டைகளையெல்லாம் நீ துவைத்து மடித்துவிட்டாய். அவர் வாசனை இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, இல்லையா அம்மா?

பின்கதவுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

நில்ஸ்

பி.கு.: ஆறு மணிக்கு வருவேன். ஸ்ப்ரே அடிக்கவில்லை. நீ எவ்வளவு நேரம் கட்டிக்கொண்டாலும் பேசாமல் நிற்கிறேன்.