நான்கு விரலும் ஒரே பையில்

ரோரோஸ்,
பிப்ரவரி 16, ஞாயிறு.

அன்புள்ள தம்பி ஸ்வெர்ரேவுக்கு,

அக்கா ராக்னா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். அலிகாண்டேயில் நீயும் உன் வெயிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான்கு நாளாக மைனஸ் முப்பதுக்குக் கீழே. இன்று காலை காரின் கதவு திறக்கவில்லை, பின்பக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். ஐம்பத்தோரு வயதில் இந்தக் கூத்து.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

முதலில் அப்பா. மே மாதம் இதய வால்வுக்கு ஆபரேஷன். எண்பத்து மூன்று வயதில் எப்படியும் ஆகலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஈஸ்டருக்கு நம் மலைவீட்டுக்குப் போகலாமாம், ஸ்கீயில் சறுக்கிக்கொண்டு அல்ல, பனி ஸ்கூட்டரின் பின்னால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து. அப்பா சம்மதித்துவிட்டார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்தது. போன வருஷம்வரை பனி ஸ்கூட்டரில் போகிறவர்களைச் சரக்கு மூட்டை என்று திட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நீயும் வர வேண்டும். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. “ஸ்வெர்ரேவோட கட்டில்ல இன்னும் மெத்தை இருக்கா?” என்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. “கை தாங்காதுக்கா. அஞ்சு நிமிஷத்துல வெள்ளையாயிடுது, அப்புறம் கத்தியால குத்துற மாதிரி வலி.” அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. சூடேறும் கையுறை, பாட்டரி போட்டது, வாங்கலாம் என்று கிளம்பினேன்.

அப்பாவிடம் சொன்னேன். “கைக்கும் ப்ளக்கா? அடுத்து மூக்குக்கு ஒண்ணு வாங்கு” என்றார். யாருக்கு என்று சொன்னதும், கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டார்.

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி. ஊர்க் கடையில் திரில் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். தங்கமான பெண். விற்றால் போதும் என்று பேசுகிறவள் இல்லை. பெட்டியில் ஏழு மணி நேரம் என்று போட்டிருந்தால் அது குறைந்த சூட்டில், வீட்டுக்குள் அளந்த கணக்கு. மலையில் முழுச் சூட்டில் இரண்டு மணி நேரம் வந்தாலே பெரிது என்று அவளே சொன்னாள். இன்னொரு ஜோடி பாட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டுமாம், வெளிப்பையில் வைத்தால் குளிரிலேயே பாதி தீர்ந்துவிடுமாம். மூன்று மாதிரி எடுத்துக் கொடுத்தாள். வேறு கையுறைக்கு உள்ளே போடுகிற மெல்லிய ரகம் ஒன்று. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளது ஒன்று. கட்டைவிரல் தனி, மற்ற நான்கும் ஒரே பைக்குள் போகிற ரகம் ஒன்று. “எதுவா இருந்தாலும் ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, அழுக்காக்காம கொண்டு வாங்க” என்றாள்.

நான் எங்கே போட்டுப் பார்த்தேன் என்று நினைக்கிறாய்? பள்ளிச் சமையலறையின் ஃப்ரீசர் அறையில். மதியச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய், மீன் பெட்டிக்கும் பட்டாணி மூட்டைக்கும் நடுவில் முக்காலி போட்டு, கையுறைக்கு இருபது நிமிஷம் என்று உட்கார்ந்தேன். கூடச் சமைக்கிற யோருன் கதவைத் திறந்து பார்த்து, “என்ன ராக்னா, பட்டாணி ஏதாவது சொல்லுச்சா?” என்றாள். இப்போது பிள்ளைகள் வரை விஷயம் பரவிவிட்டது.

மெல்லிய ரகம் நன்றாகத்தான் சுட்டது, ஆனால் மேலே இன்னொன்று போட்டதும் ஸ்கீ ஊன்றுகோலைப் பிடிக்கவே முடியாது. ஐந்து விரல் ரகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சூடு நேராக விரல் நுனிக்குப் போனது. அதையே எடுத்துவிடலாம் என்று எழுந்தபோதுதான் உன் கை ஞாபகம் வந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் முதல் கணுவரை மடக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். சூடெல்லாம் காலியான நுனியில் எரிந்துகொண்டிருந்தது. என் விரலுக்கு ஒன்றும் வரவில்லை. பட்டாணி மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் மூன்றாவது ரகம்தான். சூடு கையின் பின்புறம் முழுக்கப் பரவுகிறது, நான்கு விரலும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன, நீளம் குட்டை பார்ப்பதில்லை. பாட்டரி மணிக்கட்டுக்கு மேலே இருப்பதால் ஊன்றுகோலின் வார் இடிக்காது. பொத்தான் பெரிது, முஷ்டியால் தட்டினாலே போதும்.

மறுநாள் கடைக்குப் போய் இதுதான் என்றேன். ஏன் என்று திரில் கேட்டாள். என் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி கிடையாது என்றேன். “அய்யோ, எப்படிப் போச்சு?” என்றாள். இந்தக் கேள்வியை இருபத்தேழு வருஷமாக எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். மலையில் காற்று, பனி, கெட்ட நேரம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்தது, “என்னால.”

ஸ்வெர்ரே, இதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஈஸ்டர் சனிக்கிழமை நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். என் ஸ்கீயின் கொக்கி உறைந்துபோய், அதைச் சரிசெய்யத்தான் நீ கையுறையைக் கழற்றினாய். ஒன்றைக் காற்று கொண்டுபோனது. “விடுக்கா, பையில வேற இருக்கு” என்றாய். பையிலிருந்து எடுத்தால் அந்தக் கம்பளிக் கையுறை சுருங்கி, விறைத்து, குழந்தைக் கைக்குக்கூடப் பற்றாமல் இருந்தது. என்னுடையதிலும் உன் கை நுழையவில்லை. உன் வலது கை வெறுங்கையாகவே மூன்று மணி நேரம் இறங்கினோம், இரண்டு விரல் நுனியும் உறைந்து செத்துப்போயின.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. ஈரக் கையுறையை அடுப்புக்கு மேலே இருக்கும் கம்பில்தான் போட வேண்டும், புகைக்குழாயில் மாட்டவே கூடாது, அந்தச் சூட்டில் கம்பளி சுருங்கிவிடும். நமக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அப்பா சொல்லிக் கொடுத்தது. உலர்த்துவது என் வேலை. முந்தின நாள் நான் உன் மாற்றுக் கையுறையைக் கம்பில் போட மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஈரமாகவே பையில் கிடந்தது. நீங்கள் எல்லோரும் வெளியே ஸ்கீக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தீர்கள். சட்டென்று காயட்டும் என்று குழாயில் மாட்டினேன். நீ கூப்பிட்டதும் விரித்துக்கூடப் பார்க்காமல் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். மாட்டியதும் நான்தான், திணித்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் நீ, “யார் அதைக் குழாயில மாட்டினது?” என்று கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “நான்தான்” என்றார். நான் வாயைத் திறப்பதாக இருந்தேனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பேசாமல் நின்றேன். அப்புறம் நீ ஸ்பெயினுக்குப் போனாய். அம்மா சாவுக்கு இரண்டு நாள் வந்தாய், அப்பாவோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாய். அப்போதும் பேசாமல் நின்றேன்.

வியாழக்கிழமை கையுறைப் பெட்டியோடு நேராக அப்பா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “தெரியும்மா. ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியப் பார்த்தேனே” என்றார். அப்படியானால் ஏன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “பசங்க அப்பன் மேல கோவிச்சுக்கிறது எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான். நான் எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன். நீங்க ரெண்டு பேரும் பேசாமப் போயிட்டா, எனக்கப்புறம் அவனுக்கு யாரு இருக்கா?” என்றார்.

தம்பி, அவர் சேர்த்து வைத்ததை இந்தக் கடிதத்தால் நானே உடைக்கிறேன் என்று தெரிகிறது. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை உன் ஃபோன் வராத வாரம் எனக்கு எப்படிப் போகும் என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த மனுஷன் செய்யாத தப்போடு ஆபரேஷன் மேஜையில் படுப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள். அது என்னுடையது.

நான் அழுது முடித்த பிறகு அப்பா கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார், உள்ளே கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், “அங்க கரண்ட் இல்லையே, இதை எதுல சார்ஜ் போடுவான்?” என்றார். எனக்கும் திரிலுக்கும் தோன்றாத கேள்வி. மலைவீட்டில் கரண்ட் கூடாது, ரேடியோகூடக் கூடாது, மெழுகுவர்த்தி போதும் என்று நாற்பது வருஷம் அம்மாவோடு சண்டை போட்டவர், ஞாபகம் இருக்கிறதா? நேற்று அவரே பக்கத்து வீட்டு ஆஸ்முண்டைக் கூப்பிட்டு, கூரையில் சோலார் பேனல் வைக்க ஏற்பாடு செய்துவிட்டார். ஆஸ்முண்ட் கேலி செய்தாராம். “என் மகன் வர்றான், அவனுக்குக் கை குளிரும்” என்று சொல்லியிருக்கிறார். நீ வருவதாக நான் சொல்லவே இல்லை.

கையுறையை இந்தப் பார்சலிலேயே அனுப்புகிறேன். இடது கையில் அளவு பார், இங்கே கிடந்த உன் பழைய கையுறையை வைத்துத்தான் அளந்தேன். பாட்டரி இருக்காது. விமானத்தில் போகிற பார்சலில் அதை வைக்கக் கூடாது என்று தபால் அலுவலகத்தில் விசாரித்தபோது சொல்லிவிட்டார்கள். இரண்டு ஜோடியும் அப்பாவின் சமையலறை ஜன்னலோரம் இருக்கின்றன. தினமும் காலையில் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். தொட வேண்டாம், கெட்டுவிடும் என்றால் கேட்பதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை பனி ஸ்கூட்டர் மேலே போகிறது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் எழுது, நான் கீழேயே இருந்துவிடுகிறேன். விறகு அடுக்கியாகிவிட்டது, உன் கட்டிலுக்கு மெத்தை போட்டாகிவிட்டது. என்னை மன்னிக்கிறாயோ இல்லையோ, அது அப்புறம். அப்பாவுக்காக வா, தம்பி. அவர் கையாலேயே அந்தப் பாட்டரியை உன் கையுறைக்குள் போட்டுவிடட்டும்.

உன் இரண்டு கையையும் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ராக்னா