வாய்பிளந்தான்

ஜூலை 6, ஞாயிறு

இன்று சைக்கிள் சங்கிலி மாட்டுவது எப்படி என்று காட்டினேன். பெரியவளும் சின்னவளும் போட்டி போட்டுக்கொண்டு மாட்டினார்கள். பால்கனி முழுக்கக் கிரீஸ். "அப்படியே துணி துவைக்கவும் கத்துக் குடுங்க" என்றாள் மனைவி. நியாயம்தான்.

ஜூலை 9

பெரியவள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வீசினாள். தொழிற்பயிற்சி வகுப்பில், நட்டைக் கழற்ற என்ன வேண்டும் என்று மாஸ்டர் கேட்டாராம். முந்திரிக்கொட்டை மாதிரி இவள் எழுந்து, "வாய்பிளந்தான் சார்!" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

"அது பேரு ஸ்பேனராமே? ஏம்பா தப்புத் தப்பா சொல்லிக் குடுத்தீங்க?"

அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன் நான். அவர் விட்டுப்போன பெட்டியில் சாமான்கள் கிடந்தன, பேர் சொல்ல ஆளில்லை. சுத்தியல் மட்டும் அம்மாவுக்குத் தெரியும். மற்றதுக்கெல்லாம் நானே பேர் வைத்தேன். இப்போது கடையில் ஸ்பேனர் என்றுதான் கேட்கிறேன். வீட்டில் வாயில் வருவது பழைய பேர்தான்.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை வேலைப் பாடத்துக்குச் சின்னவள் மட்டும் வந்தாள். பெரியவளுக்குப் படிக்க இருக்கிறதாம்.

ஜூலை 16

இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் என்னவெல்லாம் தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்? ஆணி அடிக்கும்போது நாக்கைத் துருத்துவேன். இரண்டும் அப்படியே துருத்துகின்றன. அதுவும் வேலையில் சேர்த்தி என்று நினைத்திருக்குமோ?

ஜூலை 20

இன்றும் அவள் வரவில்லை. அம்மாவிடம் போனில் புலம்பினேன். "நீயா கத்துக்கலையா? அவளும் கத்துப்பாடா."

அதாம்மா பிரச்சினையே. நானா கத்துக்கிட்டேன்ல, அந்தப் பாடு என் புள்ளைங்களுக்கு வேணாம்னுதானே... சொல்லவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 23

பெரியவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பேர், ஆளில்லாதது. "ம்" என்று எழுந்து போய்விட்டாள். 'ம்' என்றால் என்ன அர்த்தம்?

ஜூலை 27, ஞாயிறு

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. படுத்துக்கொண்டு நட்டோடு மல்லுக்கட்டினேன். கையை வெளியே நீட்டிவிட்டேன், எந்தப் பேரைச் சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. உள்ளங்கையில் இரும்பு வந்து உட்கார்ந்தது. பெரியவள். அளவும் சரி.

"நகருங்கப்பா, என் கைதான் சின்னது, உள்ள போகும். நீங்க டார்ச் புடிங்க."

நகர்ந்தேன். சின்ன வயதில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வேன். பிடிக்க யார் இருந்தார்கள்?

"அப்பா, ஆட்டாதீங்க. கண்ணு கூசுது."

நான் அழுதது அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் அவள் பக்கம்தானே இருந்தது.