ஈரலிப்பு இல்லை மச்சான், நான்தான்

என் அன்பு மச்சான் பரமுவுக்கு,

நீ இருந்தவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இனி உன்னால் என்னை அடிக்க முடியாது என்பதுதான் முக்கிய காரணம். உன் அம்மாவின் சீடி அன்று திறக்காமல் போனதற்கும் மகாவலி ஆற்று ஈரலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குற்றவாளி நான். ஈரலிப்பு என்றது அந்த நேரத்தில் வாயில் வந்த பொய்.

அந்தப் பொய்யை நம்பி, மழைக்காலம் வந்தால் என் தங்கை செல்வியின் ஹெயார் டிரையரைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். உன் கம்பியூட்டருக்குச் சூடுகாட்டினாய். உன்னைப் பார்த்து உன் கந்தோரில் மேலும் நான்கு எழுதுவினைஞர்கள் அதையே செய்தார்களாம். ஒரு நாள் எல்லோரும் ஒன்றாகப் போட்டதில் மாடி முழுக்கக் கரண்ட் போனதாம். இதையெல்லாம் நீ சிரித்துச் சிரித்துச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்று கவனித்தாயா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாறி வந்த நீ, கண்டிக்கு வெளியே கட்டுகஸ்தோட்டை மகாவலிப் பாலத்துக்குப் பக்கத்தில், என் டைப்செட்டிங் கடைக்கு மேல் அறையில் வாடகைக்கு இருந்தாய். கீழே, கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நானும் செல்வியும் கல்யாணக் காட் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு விண்ணப்பம் டைப் பண்ண வேண்டும் என்று இறங்கி வந்தாய். பிறகு கிழமைக்கு மூன்று விண்ணப்பம். அரசாங்கத்திடம் ஒரு மனிதனுக்கு இவ்வளவு கேட்க இருக்காது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

செல்வி சரி என்றாள். எங்கள் அப்பாவும் சரி என்றார். இழுத்தடித்தது நீதான். "அம்மா ஓம் எண்டு சொல்லாமல் தாலி கட்டமாட்டன்" என்று ஒற்றைக்காலில் நின்றாய். அம்மா இருந்த யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை யுத்தத்தால் பூட்டிக் கிடந்தது. தொலைபேசியில் அம்மாவைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் இரண்டு பக்கமும் "ஹலோ". பொம்பிளை தோட்டப்பக்கம் என்று நீ தொடங்கியதும் லைன் அறுந்துவிடும். அறுத்தது லைனா, அம்மாவா?

கடைசியில் உன் அம்மா சொல்ல வேண்டியதைக் கமெராவுக்கு முன்னால் இருந்து சொல்லி, சீடியில் ஏற்றுவித்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினா. அது உன் கைக்கு வந்தபோது முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் 'ஓம்' இருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் என் தங்கை தான் டைப் பண்ணிய கல்யாணக் காட்டைத் தானே அழிக்க வேண்டும்.

சீடி வருவதற்கு முதல் நாள்தான் நான் அந்த வேலையைப் பார்த்தேன். பொலிஸ் சுற்றிவளைப்பு வருகிறது, இந்த முறை தமிழ்க் கடைகளில் கம்பியூட்டரையும் திறந்து பார்க்கிறார்களாம் என்று ஒரு கதை பாலத்தைக் கடந்து வந்தது. என் கம்பியூட்டரில் இருந்ததெல்லாம் கல்யாண அழைப்பும் மரண அறிவித்தலும்தான். ஆனால் திரையின் நடுவில், சீடி எழுதும் மென்பொருளுக்கு ஒரு சின்னம் இருந்தது. தீப்பற்றி எரியும் ஒரு கட்டடம்.

ஒரு தமிழனின் கம்பியூட்டரில் எரிகிற கட்டடம்! "சேர், இந்தக் கட்டடத்துக்கு நான் நெருப்பு வைக்கவில்லை" என்று சிங்களத்தில் சொல்லிப் பழகிப் பார்த்தேன். என் சிங்களத்தில் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலவே கேட்டது. முறைப்படி அகற்றப் போனால் கம்பியூட்டர் ஆயிரம் கேள்வி கேட்கும் என்று பயந்து, அந்த மென்பொருளின் கோப்புறையை அப்படியே இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி பண்ணினேன்.

பொலிஸ் வந்தது. அடையாள அட்டையைப் பார்த்தது. சுவரில் இருந்த மாதிரிக் காட் ஒன்றை வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. கம்பியூட்டரை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாள் நீ சீடியோடு படியிறங்கி ஓடிவந்தாய். நான் உள்ளே தள்ளினேன். சுழன்றது. ஆனால் திரையில் சீடி டிரைவையே காணோம். இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. திருப்பிப் போட்டு இயக்கினேன். ஊதினேன். உடுத்திருந்த சாரத்தால் துடைத்தேன். வயரைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கடை டிவிடி பிளேயரும் அதை ஏற்கவில்லை; கம்பியூட்டரில் மட்டும் திறக்கும் சீடி என்று பிறகுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் எழுதிய சீடியைக் கையில் வைத்துக்கொண்டு கண்டி டவுனுக்குப் போக, வழியில் இருந்த இரண்டு சோதனைச் சாவடிகளை நினைத்து நம் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

"அம்மா கோவத்திலை வெறுஞ் சீடி அனுப்பிப்போட்டா" என்று கதிரையில் சரிந்தாய்.

"சும்மா இரு மச்சான், எந்த அம்மாவாவது வெறும் சீடிய கப்பல்ல அனுப்புவாங்களா?"

"உனக்கு எங்கடை அம்மாவைத் தெரியாது."

 செல்வி மூன்று நாள் ஒரு வரிகூட டைப் பண்ணவில்லை. நான் செய்ததைச் சொல்லவில்லை. எரியும் கட்டடத்துக்குப் பயந்தேன் என்று வருங்கால மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

நாலாம் நாள்தான் அலவத்துகொடையில் இருக்கும், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான, கம்பியூட்டர் திருத்தும் பாரூக் நானாவுக்கு ஆளனுப்பினேன். அவர் வந்ததும் உன்னையும் செல்வியையும் பிளேன்டீ வாங்கி வர அனுப்பியது நினைவிருக்கிறதா? பிளேன்டீக்கு எதற்கு இரண்டு பேர் என்று நீ கேட்கவில்லை.

நானா திரையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க தம்பி, என்னத்த அழிச்சீங்க?"

சொன்னேன். மனுசன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

"டிரைவ்ல ஒரு பழுதும் இல்ல. அந்த மென்பொருள் டிரைவ் வாசல்ல தன்ட ஆள காவலுக்கு வெச்சீக்கி. நீங்க ஆளத் தூக்கி வீசிட்டீங்க, தடைக்கட்ட இன்னும் கீழதான் ஈக்கிது. கம்பியூட்டர் வந்து நிண்டு, ஆளில்லாத சென்றிக்கு ஐடென்டி காட்டிக்கிட்டு ஈக்கிது."

கம்பியூட்டரின் உள்பதிவேட்டைத் திறந்து, முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்துவைத்தார். பிறகு சீடி டிரைவுக்குரிய பகுதியில், அழிந்த மென்பொருளின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த இரண்டே இரண்டு வரிகளைத் தேடி நீக்கினார். நிறுத்தி இயக்கினார். டிரைவ் வந்து உட்கார்ந்தது. நாலு நாளாக என் தங்கையின் வாழ்க்கையை மறித்து நின்றது அந்த இரண்டு வரி.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிராதீங்க நானா."

"என்ட வயித்துல எத்தின ரகசியம் ஈக்கிதுன்னு ஒங்களுக்குத் தெரியாது தம்பி."

நீ தேநீரோடு வந்தாய். "ஈரலிப்பு மச்சான், காய வச்சோம், சரியாப் போச்சு" என்றேன். திரையில் உன் அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தா. கமெராவை முறைத்தா. பிறகு சொன்னா:

"பரமு, அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. ஆனா உன்னைத் தெரியும். உன்னைக் கட்ட ஒருத்தி ஓம் எண்டிருக்கிறாள் எண்டால் அவள் சரியான பொறுமைசாலி. கெதியிலை கட்டு, அவளுக்கு யோசிக்க நேரம் குடுக்காதை."

செல்வி சிரித்தாள். நீ அழுதாய். நான் சந்தோஷத்தில் கையிலிருந்த பிளேன்டீயைக் கீபோர்டில் ஊற்றினேன்.

இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள். பொறுமை செல்வியின் பக்கம், அழுகை உன் பக்கம். அந்தச் சீடியை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வரும் நாளில் அவனை இருத்தி, அப்பம்மா பேசியதைப் போட்டுக்காட்டுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

போன கிழமை உன் ஓய்வூதியத்தைச் செல்விக்கு மாற்ற விவாகச் சான்றிதழ் தேவைப்பட்டது. அவள் தயங்கித் தயங்கித்தான் எடுத்துத் தந்தாள். நீங்கள் பதிவு செய்த திகதி, சீடி கப்பலேறுவதற்கு மூன்று கிழமைக்கு முன். முதல் சாட்சி, பாரூக் நானா.

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன், உன் மச்சான்
ராஜு