ஜனவரி விலை

அன்பு மகளே,

நீ அரசாங்கத்துக்காக மருந்துக் கம்பெனிக்காரர்களோடு பேசிக் குறைத்த விலை எங்கள் டொலிடோ ஊருக்கும் வந்துவிட்டது. மருந்துக்கடை மார்லா, "உங்க பொண்ணு சாதிச்சுட்டாளே! வீட்டுக்காரர் எங்க, ஆளையே காணோம்?" என்றாள். ரோடெல்லாம் பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் நீ, "ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோங்கப்பா, மாத்திரை விலை பாதிக்கு மேல குறையும்" என்றாய் அல்லவா? மறுநாளே அப்பா, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பாதியாக வெட்டத் தொடங்கினார். "எம்பொண்ணு விலை வரட்டும், முழுசாப் போட்டுக்கறேன்" என்று ஒரே சிரிப்பு.

கிறிஸ்துமஸுக்கு உன்னை வரவேண்டாம் என்றது என் சளிக்காக அல்ல.

இப்போது முழு மாத்திரைதான் கொடுக்கிறேன். அவரால் பேச முடியவில்லை. வலது கையும் எழவில்லை. இடது கையால் என் கையைத் தள்ளி, பாதியாக வெட்டச் சொல்லிச் சைகை காட்டுகிறார். ஜனவரி வந்துவிட்டதென்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

நீ வந்து சொல்.

உன் அம்மா